கோடு போட்ட நோட்டும் பதினாறு மார்க்கும்

மோகனூர் வட்டாரத்தில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் ஆசிரியர்களுக்கும், சாயங்காலம் மாடியிலும் திண்ணையிலும் பாய் விரித்து ட்யூஷன் எடுப்பவர்களுக்கும் ஒரு மடல்.

2,186, 3,649, 20,691, 1,996. தொடர்வரிசை நடத்துகிறவர்கள் நீங்கள். அடுத்த உறுப்பு என்ன என்று கேட்டால் பொது வித்தியாசம் தேடுவீர்கள், அகப்படாது. பொது விகிதமும் அகப்படாது. 2022 முதல் 2025 வரை தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கணிதத்தில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்களின் எண்ணிக்கை இது. கொரோனாவால் பாடம் குறைக்கப்பட்ட 2022-ஐத் தள்ளிவிட்டாலும் மற்ற மூன்று வருடமும் அதே புத்தகம், அதே எட்டுப் பாடம், அதே வினாத்தாள் அமைப்பு. ஒரே வருடத்தில் இருபதாயிரம் இரண்டாயிரத்துக்குள் சுருங்கியது. அதே வருடம் மொத்தத் தேர்ச்சி 91.55 விழுக்காட்டிலிருந்து 93.80-க்கு ஏறியது. பிள்ளைகளின் மூளை ஒரு வருடத்தில் பத்தில் ஒரு பங்காகிவிடவில்லை. வினாக்கள் கொஞ்சம் வளைந்து வந்தன, அவ்வளவுதான். அந்த வளைவில் சறுக்கிவிழும் படிப்பு எப்படிப்பட்ட படிப்பு என்பதைப் பேசத்தான் இந்த மடல்.

நாமக்கல் மாவட்டத்துக்கு மார்க் பைத்தியம் புதிதில்லை. 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்த இந்த மாவட்டம், முட்டைக்கும் லாரி பாடிக்கும் அடுத்தபடியாகப் பெயர் வாங்கியது விடுதிப் பள்ளிகளுக்குத்தான். மாநிலத்தின் எல்லா மூலையிலிருந்தும் பெட்டியும் படுக்கையுமாகப் பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். கோழிப்பண்ணை ஊர் என்பதால் ‘பிராய்லர் பள்ளி’ என்ற கேலிப்பெயரும் ஒட்டிக்கொண்டது. 2017-இல் அரசு முதலிடம், இரண்டாமிடம் என்று பட்டியல் அறிவிப்பதை நிறுத்தியது. பட்டியல் போயிற்று, ஃபிளெக்ஸ் போகவில்லை. இப்போது அதில் சென்டம் எண்ணிக்கை இருக்கிறது.

சென்டம் வாங்கும் பிள்ளை எப்படியும் வாங்கிக்கொள்வாள். இங்கே பேச்சு, காலாண்டில் 18 மார்க் வாங்கி, ‘மெல்லக் கற்போர்’ பட்டியலில் பெயர் ஏறி, கையில் ஒரு மெலிந்த கையேடு கொடுக்கப்பட்ட பையனைப் பற்றியது.

அவனுக்கான திட்டம் எல்லாப் பள்ளியிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வினாத்தாளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்கள். ஒரு மார்க் பதினாலு, இரண்டு மார்க் பத்து, ஐந்து மார்க் பத்து, எட்டு மார்க் இரண்டு. எட்டு மார்க்கில் ஒன்று ஜியோமெட்ரி, ஒன்று கிராஃப். இரண்டையும் போட்டால் பதினாறு. தேர்ச்சிக்கு 35, மீதி 19. ஒரு மார்க்கில் கண்ணை மூடிக்கொண்டு ஒரே எழுத்தைப் போட்டுக்கொண்டே போனாலும் நாலில் ஒன்று விழும், பதினாலுக்குச் சராசரி மூன்றரை. (இது நிகழ்தகவு. அந்தப் பகுதியைக் கையேட்டில் விட்டுவிட்ட பிறகும் பையன் அதை நம்பித்தான் இருக்கிறான்.) புக் பேக் ஒன் வேர்டை உருப்போட்டால் ஏழெட்டு தேறும். கார்ட்டீசியன் பெருக்கல் ஒன்று, திட்டவிலக்கம் ஒன்று, ஒப்பேற்றினால் கரை சேர்ந்துவிடலாம்.

இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பத்தில் நின்றுபோன பையன் அடுத்த மாதம் பண்ணையிலோ பட்டறையிலோ நிற்பான் என்பதை உங்களைவிட நன்றாக அறிந்தவர்கள் இல்லை. அவனை ஒரு பாலிடெக்னிக் வாசல் வரைக்கும் தள்ளிக்கொண்டு போய்விடுவது நல்ல காரியம். தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் மீளாய்வுக் கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொல்பவர்களும் நீங்கள்தான், மடல் எழுதுகிறவர்கள் இல்லை. கேட்க வேண்டியது வேறு. அந்தப் பதினாறை அவன் எப்படி வாங்குகிறான்?

ஒரு ஸ்பெஷல் கிளாஸில் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு முக்கோணத்துக்கு 3/5 அளவில் ஒத்த முக்கோணம் வரைய வேண்டும். முதல் முக்கோணத்தை வரைகிறான். அடிப்பக்கத்தின் இடது முனையிலிருந்து கீழே சாய்வாக ஒரு கதிர். காம்பஸை வைத்து அதில் ஐந்து வில், ஐந்து புள்ளி. ஐந்தாவது புள்ளியை அடிப்பக்கத்தின் வலது முனையோடு சேர்க்கிறான். மூன்றாவது புள்ளியிலிருந்து அதற்கு இணையாக ஒரு கோடு, அது அடிப்பக்கத்தை வெட்டும் இடத்திலிருந்து முக்கோணத்தின் வலது பக்கத்துக்கு இணையாக இன்னொன்று. படம் சுத்தம். எட்டுக்கு எட்டு.

“அந்தச் சாஞ்ச கோடு எதுக்கு தம்பி?”

“அது ஸ்டெப்புங்க சார்.”

“புள்ளிக்குப் புள்ளி எத்தனை சென்டிமீட்டர்?”

இங்கே முழிப்பான். எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம், சமமாக இருந்தால் போதும் என்பதை யாரும் அவனிடம் சொன்னதில்லை. கணக்கின் உயிரே அந்தச் சமத்தில்தான் இருக்கிறது. வினா 7/4 என்று மாறும்போது ஏழாவது புள்ளியை முக்கோணத்தோடு சேர்த்து, நாலாவதிலிருந்து இணைகோடு இழுத்து, பெரிதாக வரவேண்டிய முக்கோணத்தைச் சிறிதாக வரைந்துவிட்டு வருகிறவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள். படம் பெரிதாக வரவேண்டும் என்ற சந்தேகம்கூட அவர்களுக்கு எழாது.

இதற்கு மருந்து அவன் பைக்குள்ளேயே இருக்கிறது, கோடு போட்ட நோட்டு. ஒரு காகிதத் துண்டை 7.3 சென்டிமீட்டர் நீளத்துக்குக் கிழிக்கச் சொல்லுங்கள். இதை ஐந்து சமபாகமாக்கு, ஸ்கேலைத் தொடாதே என்று சொல்லுங்கள். கொஞ்சம் திண்டாடட்டும். பிறகு துண்டின் ஒரு முனையை நோட்டில் ஏதாவது ஒரு கோட்டின் மேல் வைத்து, மறுமுனை அதற்குக் கீழே ஐந்தாவது கோட்டைத் தொடும் வரைக்கும் சாய்க்கச் சொல்லுங்கள். நடுவில் துண்டின் குறுக்கே போகும் நாலு கோட்டுக்கும் நேராக ஒவ்வொரு புள்ளி. இப்போது ஸ்கேலை எடுத்து அளக்கலாம். ஒவ்வொரு பாகமும் ஒன்றரைக்குக் கொஞ்சம் குறைவாக, சமமாக இருக்கும். 7.3-ஐ ஐந்தால் வகுத்தால் 1.46. பலகையின் அகலத்தைப் பிரிக்கத் தச்சர் அளவுகோலைக் குறுக்கே சாய்த்து வைப்பதும் இதே வித்தைதான். அவர் யாரிடமும் தேல்ஸ் தேற்றம் படித்ததில்லை.

நோட்டில் இணைகோடுகள் அச்சாகியே வந்துவிடுகின்றன. தேர்வுத்தாளில் அந்த வசதி இல்லை. அதனால் பையனே சம தூரத்தில் புள்ளி வைத்து, இணைகோடு இழுத்துக்கொள்கிறான். அந்தச் சாய்ந்த கதிர் அவன் சொந்தமாகப் போட்டுக்கொள்ளும் ரூல்டு நோட்டு. அதே வடிவியல் பாடத்தில் அடிப்படை விகிதசமத் தேற்றம் (அதுதான் தேல்ஸ் தேற்றம்) என்று ஐந்து மார்க்குக்கு மனப்பாடம் செய்கிறானே, அதுவும் இதுவும் ஒன்று. ஒரே பாடத்தில் சில பக்கம் தள்ளியிருக்கும் இரண்டு விஷயங்களுக்கு உறவு உண்டென்று தெரியாமலே அவன் பரீட்சை எழுதிவிட்டு வருகிறான்.

காகிதத்தை வைத்து வடிவியல் சொல்வது வெளிநாட்டுச் சரக்கில்லை. 1893-இல் மதராஸில் டி. சுந்தர ராவ் காகித மடிப்பு வழியே வடிவியல் பயிற்சிகள் என்று ஆங்கிலத்தில் ஒரு புத்தகமே போட்டார். ஜெர்மானியக் கணித மேதை ஃபெலிக்ஸ் கிளைன் தம் நூலில் அதைச் சுட்டிப் பேச, 1901-இல் சிகாகோவில் அது மறுபதிப்பு கண்டது. காம்பஸ் இல்லாமல், மடித்தே செங்குத்துக் கோடும் இணைகோடும் எடுக்கும் வழி அதில் இருக்கிறது. பிற்காலத்தில் சென்னையில் பள்ளி ஆசிரியராக இருந்த பி.கே. சீனிவாசன் இதே பாதையில் நடந்தவர். ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகம் அமைத்தவரும் அவர்தான். ராமானுஜன் படம் எல்லா வகுப்பிலும் தொங்குகிறது. காவிரியில் மேலே ஈரோட்டில் பிறந்தவர், கீழே கும்பகோணத்தில் படித்தவர். மோகனூர் இரண்டுக்கும் நடுவில் அதே ஆற்றங்கரையில் இருக்கிறது. ஆனாலும் 18 மார்க் பையனுக்கு அந்தப் படம் பயன்படுவதில்லை. பிறவி மேதைக் கதை, “எனக்கு வராதுங்க சார்” என்பதற்கு அவனுக்குக் கிடைத்த இன்னொரு சாட்சி.

கிராஃபிலும் இதே கதைதான். ‘எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் நாலு எக்ஸ் பிளஸ் மூணு’க்குப் பரவளையம் வரைந்து, அதைக் கொண்டு ‘எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் எக்ஸ் பிளஸ் ஒண்ணு சமம் பூச்சியம்’ என்பதைத் தீர்க்கச் சொன்னால், ஒன்றின் கீழ் ஒன்றை எழுதி, குறியை மாற்றி, அடித்து, ‘மூணு எக்ஸ் பிளஸ் ரெண்டு’ என்ற நேர்கோட்டை எடுத்துவிடுவான். கோடு வளைவரையைத் தொடாது. மெய் மூலங்கள் இல்லை என்று முடிப்பான். ஏன் கழித்தோம் என்பதற்கு இரண்டு நிமிஷம் போதும். வளைவரையின் உயரமும் கோட்டின் உயரமும் எங்கே சமமோ அங்கே அவற்றின் வித்தியாசம் பூச்சியம், அந்த வித்தியாசம்தான் தீர்க்கச் சொன்ன சமன்பாடு.

ஆனால் கிராஃபில் அவன் விழுவது அதற்கும் முன்னால், அட்டவணை போடும்போது. மைனஸ் மூணுக்கு ஸ்கொயர் போட்டால் மைனஸ் ஒன்பது என்று எழுதுகிறான். மைனஸ் மூணு மைனஸ் அஞ்சு எவ்வளவு என்றால் எட்டு. கேட்டால் காரணமும் சொல்வான், “மைனஸ் மைனஸ் பிளஸ்ங்க சார்.” பெருக்கலுக்கான பேச்சைக் கீழ் வகுப்பில் பாட்டாகச் சொல்லிக்கொடுத்தோம், எதற்கான பாட்டு என்பதைச் சொல்லவில்லை. அவன் சொன்ன சொல் தவறாமல் நடக்கிறான், பாவம். மளிகைக்கடையில் மூணு ரூபாய் கடன், டீக்கடையில் அஞ்சு ரூபாய் கடன், ஆக உன் கையில் எவ்வளவு இருக்கிறது என்று கேளுங்கள். எட்டு ரூபாய் இருக்கிறது என்று சொல்லமாட்டான்.

பின்னம் இன்னும் மோசம். 2/3 உடன் 1/4-ஐக் கூட்டி 3/7 என்று எழுதும் பிள்ளை ஒவ்வொரு பெஞ்சிலும் உண்டு. பின்னத்தை வாயில் போட்டு மென்ற மொழி நம்முடையது. திண்ணைப் பள்ளியில் முந்திரி, அதாவது 320-இல் ஒரு பங்கு வரைக்கும் எண்சுவடியில் ஓதினார்கள். அந்த வாய்ப்பாடு போய்விட்டது, பேச்சு இன்னும் மிச்சமிருக்கிறது. “முக்காலே மூணு வீசம் வேலை முடிஞ்சுது கண்ணு” என்று வீட்டில் பாட்டி சொல்லக்கூடும். வீசம் என்றால் பதினாறில் ஒரு பங்கு. அப்படியானால் பாட்டி எவ்வளவு வேலையை முடித்தாள்? முக்காலைப் பதினாறில் பன்னிரண்டாக மாற்றினால்தான் மூணு வீசத்தை அதோடு சேர்க்க முடியும், பதினாறில் பதினைந்து. மீச்சிறு பொது மடங்கு என்ற சொல்லை எழுதுவதற்கு முன்னாலேயே வேலை முடிந்துவிடுகிறது.

இது மோகனூரின் தனி நோய் இல்லை. 2023-இல் ஏசர் அமைப்பு 26 மாநிலங்களின் 28 மாவட்டங்களில் 14 முதல் 18 வயதுப் பிள்ளைகளைச் சோதித்தபோது மூன்றிலக்க எண்ணை ஓரிலக்கத்தால் வகுக்கத் தெரிந்தவர்கள் 43.3 விழுக்காடுதான். தமிழ்நாட்டில் அவர்கள் எடுத்துக்கொண்டது பெரம்பலூரை. அரசுக்கும் தெரியாமலில்லை. 2022-இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ சின்ன வகுப்புகளுக்கு, 2025-இல் வந்த ‘திறன்’ ஆறு முதல் ஒன்பது வரைக்கும். பத்தாவதில் உட்கார்ந்திருப்பவனுக்கு இரண்டிலும் இடமில்லை, அவனுக்கு வாய்த்தது மெலிந்த கையேடு. 2005 தேசியக் கலைத்திட்டத்துக்காகக் கணிதக் குழு தந்த அறிக்கை, பெரும்பாலான பிள்ளைகளிடம் இருக்கும் பயத்தையும் தோல்வி உணர்வையும்தான் முதல் சிக்கலாகச் சொன்னது. அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். ராமானுஜம். இருபது வருடமாயிற்று.

பயப்படுகிறவனுக்குக் கணக்கே தெரியாது என்று மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள். பரமத்தி வேலூர் பக்கம் வெற்றிலை விலை சுமைக் கணக்கில் பேசப்படுகிறது. சுமைக்கு 104 கவுளி, கவுளிக்கு நூறு வெற்றிலை. சுமை 5,200 ரூபாய்க்குப் போனால் ஒரு வெற்றிலை என்ன விலை? கொடிக்கால் வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளை காகிதம் இல்லாமலே ஐம்பது காசு என்பான். வகுப்பில் 3/7 எழுதியவனும் அவனாகவே இருக்கக்கூடும். பிரேசிலின் ரெசிஃபி நகரத்தில் தெருவில் இளநீரும் பழமும் விற்ற சிறுவர்களை வைத்து 1985-இல் ஓர் ஆய்வு வெளியானது. வியாபாரத்தின்போது கேட்ட கணக்கில் 98 விழுக்காடு சரி. அதே மாதிரிக் கணக்கை வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது 37 விழுக்காடு.

மோகனூரில் இதைவிடப் பெரிய கணக்கு ஒன்று ஊருக்குள்ளேயே இருக்கிறது. சேலம் கூட்டுறவு சர்க்கரை ஆலை இங்கேதான் இயங்குகிறது, உங்கள் பிள்ளைகளில் கரும்பு வீட்டுப் பிள்ளைகள் உண்டு. 2025–26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த எஃப்.ஆர்.பி., அதாவது கரும்புக்கான நியாயமான, ஆதாயமான விலை, பிழிதிறன் (கரும்பிலிருந்து கிடைக்கும் சர்க்கரையின் விகிதம்) 10.25 விழுக்காடு இருந்தால் குவிண்டாலுக்கு 355 ரூபாய். அதற்கு மேல் ஒவ்வொரு 0.1 விழுக்காட்டுக்கும் 3 ரூபாய் 46 காசு கூடும். குறைந்தால் அதே கணக்கில் கழியும். ஆனால் 9.5-க்குக் கீழே எவ்வளவு போனாலும் விலை 329 ரூபாய் 5 காசுக்குக் கீழே இறங்காது. நேரிய சார்பு, சாய்வு, மதிப்பகத்தைத் துண்டாக்கி வரையறுக்கும் சார்பு என்று இரண்டு பாடங்களில் சிதறிக் கிடப்பதெல்லாம் இந்த ஒரு விலை அறிவிப்பில் இருக்கிறது. பலகையில் வரைந்தால், கொஞ்ச தூரம் படுத்துக் கிடந்துவிட்டு 9.5-இல் எழுந்து ஏறும் ஒரு கோடு. ஒரு விழுக்காட்டுக்கு 34 ரூபாய் 60 காசு அதன் சாய்வு. “இந்தக் கோடு ஏன் இங்க படுத்திருக்குது?” என்று கேட்டால் அப்பாவிடம் கேட்டுவந்து பதில் சொல்லக்கூடிய பிள்ளைகள் இருக்கும் ஊர் இது. சென்னையில் பெரிய பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு அந்த வசதி இல்லை.

முக்கோணவியலுக்கும் அப்படித்தான். பாகைமானி, ஒரு ஸ்ட்ரா, ஒரு நூல், நுனியில் ஒரு கல், தரையில் தூரம் அளக்க ஒரு டேப். இவ்வளவு இருந்தால் நாமக்கல் கோட்டைப் பாறையின் உயரத்தைக் கீழே நின்றே சொல்லிவிடலாம்.

“போர்ஷன் முடிக்கவே நேரமில்லை, இதில் பாட்டியும் கரும்புமா?” என்பீர்கள். நியாயம். அதனால் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அரையாண்டு முடிந்து முதல் ரிவிஷன் டெஸ்டுக்கு முன்னால் நாலு பீரியட். ஒன்று கடன் கணக்குக்கு, ஒன்று முக்காலே மூணு வீசத்துக்கு, ஒன்று கோடு போட்ட நோட்டுக்கு, ஒன்று கிராஃபில் ஏன் கழிக்கிறோம் என்பதற்கு. எட்டு மார்க் இரண்டையும் எப்படியும் முப்பது தடவை வரையவைக்கப் போகிறீர்கள், அதில் இரண்டு தடவையை இதற்குக் கொடுங்கள். அந்தப் பையனுக்குக் கையேட்டையும் கொடுங்கள், பிடுங்கிக்கொள்ள வேண்டாம்.

பொங்கல் விடுமுறைக்கு ஒரே ஒரு வீட்டுக்கணக்கு கொடுத்தனுப்புங்கள். பொங்கல் கரும்பு வேறு, ஆலைக் கரும்பு வேறு என்று பிள்ளைகளே உங்களுக்குச் சொல்வார்கள். பிழிதிறன் 9.2 விழுக்காடு என்றால் குவிண்டாலுக்கு என்ன விலை? சிலர் 318 ரூபாய் 67 காசு என்று வருவார்கள். சிலர் 329 ரூபாய் 5 காசு என்று வருவார்கள். டன்னுக்குப் பார்த்தால் 103 ரூபாய் 80 காசு வித்தியாசம். யார் சொன்னது சரி என்று உடனே சொல்லிவிடாதீர்கள். இரு கட்சியிலிருந்தும் ஒவ்வொருவரை எழுப்பி, சாக்பீஸைக் கையில் கொடுத்துவிட்டு, நீங்கள் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்ளுங்கள்.